கள்ளிச் செடிக்கு ஏசி வேண்டுமா? வீட்டுக்குள் எத்தனை டிகிரி சரி?

உங்கள் கேள்வி சுருக்கமாக இது: மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட். தை மாதம் நர்சரியிலிருந்து நான்கு சின்னத் தொட்டிகள் வாங்கி வந்தீர்கள். இப்போது ஜூன். டிவி ஸ்டாண்டில் இருந்த சிவப்புத் தலை மூன் கேக்டஸ் அடியில் குழைந்து சாய்ந்துவிட்டது. ஹாலின் மேற்கு ஜன்னலில் இருக்கும் கோல்டன் பேரல் என்ற உருண்டைக் கள்ளி ஒரு பக்கம் வெளுத்துவிட்டது. ராத்திரி ஏசி 24-இல் ஓடும் படுக்கையறையில் மாமிலேரியா என்ற கள்ளி மெலிந்து நெட்டையாக வளர்கிறது. அதே அறையில் இருக்கும் பெயர் தெரியாத முக்கோணத் தண்டுச் செடி இலையைக் கொட்டுகிறது. "கள்ளிக்கு வீட்டுக்குள் எத்தனை டிகிரி வைக்க வேண்டும்? நாள் முழுக்க ஏசி போட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நர்சரிகளில் கிடைக்கும் பெரும்பாலான கள்ளிகளுக்குப் பகலில் 25 முதல் 35 டிகிரி, இரவில் 15 முதல் 22 டிகிரி இருந்தால் கொண்டாட்டம். பகல் 40-ஐத் தொட்டாலும் காற்று ஓடினால் தாங்கிக்கொள்ளும். கீழே 10 டிகிரி வரை இறங்கினாலும், மண் காய்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. இந்தக் கணக்கில் சென்னைக்காரர்களுக்குக் கிடைக்காதது அந்த இரவுதான். மே மாதம் இங்கே விடியற்காலையில்கூட 28 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அதுவும் வெளியே. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் சுவர் ராத்திரி முழுக்க அதைத் திருப்பிக் கொடுப்பதால், மூடிய ஹாலுக்குள் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும். நமக்கே தூக்கம் வராத அந்தப் புழுக்கத்தில் கள்ளிக்கும் வேலை ஓடாது. நான் பதினைந்து வருடமாகக் கள்ளி வளர்க்கிறேன். பகல் வெயிலில் செத்ததைவிட ராத்திரிப் புழுக்கத்தில் ஈரமண்ணோடு அழுகிச் செத்ததுதான் என்னிடம் அதிகம்.

"பாலைவனச் செடிக்குச் சூடு என்ன செய்யும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். பாலைவனத்தில் ராத்திரி குளிரும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். காற்றில் ஈரம் இல்லை, மேலே மேகமும் இல்லை, அதனால் பொழுது சாய்ந்ததும் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் அங்கே சாதாரணம். போதாததற்கு, நம் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் கள்ளிகளில் பல, மணல் பாலைவனத்துச் செடிகளே இல்லை. கோல்டன் பேரலின் சொந்த ஊர் மெக்சிகோவின் கெரெட்டரோ, இடால்கோ பக்கத்து மலைச்சரிவுகள். ஏறக்குறைய நம் ஏற்காடு உயரம். ரெபுட்டியா என்று குட்டிக் குட்டிப் பந்தாக விற்பார்களே, அது பொலிவியா, அர்ஜென்டினா பக்கம் ஆண்டீஸ் மலையில் ஊட்டியைவிட உயரமான இடங்களிலும் முளைப்பது. அதைச் சென்னை ஃப்ளாட்டில் வைத்தால், பகலுக்கும் இரவுக்கும் நாலு டிகிரிகூட வித்தியாசம் இல்லாமல் அது திண்டாடும்.

ராத்திரி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கள்ளி நைட் ஷிஃப்ட் பார்க்கும் செடி. மற்றச் செடிகள் பகலில் நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். கள்ளி அப்படிச் செய்தால் உடம்பிலுள்ள தண்ணீர் அத்தனையும் ஆவியாகிப் போய்விடும். அதனால் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த பிறகு திறக்கும். அப்போது வாங்கிய வாயுவை மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாக மாற்றிச் சேர்த்து வைத்து, மறுநாள் வெளிச்சம் வந்ததும் சர்க்கரையாகச் சமைத்துக்கொள்ளும்.

இதை நாக்கால் கண்டுபிடித்த ஒருவர் நம் பக்கத்தில் வாழ்ந்தவர். பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக வேலை பார்த்தார். நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும் என்று பள்ளிக்கூடத்தில் வைத்திருப்போமே, அந்த ரணகள்ளி இலையை அவர் வெவ்வேறு நேரத்தில் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு, மத்தியானம் சப்பென்று, சாயங்காலம் லேசான கசப்பு. இதைச் சொல்லி அவர் எழுதிய கடிதம் 1815-ஐ ஒட்டி லண்டனில் அச்சானது. ரணகள்ளி கேக்டஸ் குடும்பம் இல்லை, பெயரில்தான் கள்ளி. ஆனால் ராத்திரி புளிப்பைச் சேர்த்துப் பகலில் செலவழிக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றேதான். தொட்டியில் இருந்தால் நீங்களும் ஒரு துணுக்கு கடித்துப் பார்க்கலாம். துணுக்கு போதும், துப்பிவிடுங்கள்.

பின்னால் கலிஃபோர்னியாவில் பார்க் நோபல் என்ற தாவர விஞ்ஞானி பழம் தரும் சப்பாத்திக்கள்ளியை வைத்து அளந்து பார்த்ததில், பகல் 25, இரவு 15 டிகிரிக்குப் பக்கத்தில்தான் அது அதிகமாகக் கரியமில வாயுவை எடுத்தது. இரவு சூடு ஏற ஏற வரவு குறையும். சூட்டில் செடியின் மூச்சு வேகமாவதால் செலவும் கூடும். வரவு இல்லை, செலவு அதிகம் என்றால் நாமும் கடையை அடைத்துவிட்டுச் சும்மாதான் இருப்போம். கள்ளியும் அதைத்தான் செய்கிறது. சும்மா இருக்கும் செடி தண்ணீர் குடிக்காது. ஞாயிற்றுக்கிழமை ஞாபகமாக நாம் ஊற்றிய தண்ணீர் மண்ணிலேயே நிற்கும். 28, 30 டிகிரியில் ஈரமண் என்பது அழுகல் பூஞ்சைக்கு இட்லி மாவு மாதிரி, ஒரே ராத்திரியில் பொங்கிவிடும்.

உங்கள் மூன் கேக்டஸ் போன கதை இதுதான். அது ஒரு செடியே இல்லை, இரண்டு. மேலே இருக்கும் சிவப்புத் தலை ஜிம்னோகேலிசியம் என்ற கள்ளியின் பச்சையம் இல்லாத வகை. 1940-களில் ஜப்பானில் உருவாக்கியது. தானாகச் சாப்பிடத் தெரியாது, அதனால் வேறொரு கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டி விடுகிறார்கள். கீழே இருக்கும் மூன்று பட்டைத் தண்டு பெரும்பாலும் டிராகன் ஃப்ரூட் கொடிதான். அது காட்டில் மரமேறும் வெப்பமண்டலக் கொடி என்பதால் சென்னைச் சூடு அதற்குப் பழக்கமானது. 10 டிகிரிக்குக் கீழே போனால்தான் அதற்குச் சிக்கல். சரி, பின் ஏன் அழுகியது? நீங்கள் அனுப்பிய படத்தில் தொட்டியின் மேல் வெள்ளைக் கூழாங்கல் பசை போட்டு ஒட்டியிருக்கிறது, கீழே பீங்கான் கிண்ணம், ஓட்டை தெரியவில்லை. உள்ளே இருப்பது முழுக்கத் தென்னைநார்த் தூளாகத்தான் இருக்கும். நர்சரிக்காரருக்கு அது வசதி, லாரியில் எடை குறையும், வாரக் கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். டிவி ஸ்டாண்டில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, பின்னால் செட்டாப் பாக்ஸ் ராத்திரி பகலாகச் சூடு விடுகிறது. மேலே காய்ந்த கல், கீழே சேறு. இதற்கு டிகிரியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓட்டை இருந்த தொட்டியில், மணல் கலந்த மண்ணில் அதே செடி அதே 32 டிகிரியில் பிழைத்திருக்கும்.

அடுத்து, அளப்பது. ஏசி ரிமோட்டில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். அது நாம் கேட்ட குளிர், செடி இருக்கும் மூலையில் கிடைக்கும் குளிர் வேறு. குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைத் தொட்டிக்குப் பக்கத்தில், வெயில் நேராகப் படாமல் ஒரு வாரம் வையுங்கள். அப்புறம், கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்ட வாங்கிய துப்பாக்கி மாதிரி வெப்பமானி அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும், எடுங்கள். பலவற்றில் உடம்புக்கு ஒரு பட்டன், பொருளுக்கு ஒரு பட்டன் இருக்கும். பொருளுக்கு மாற்றி, மத்தியானம் இரண்டு மணிக்குச் செடியின் வெயில் பக்கத்தையும் தொட்டியின் சுவரையும் காட்டிப் பாருங்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறையில் 35 டிகிரி. ஜன்னலோரக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி 50-ஐத் தாண்டியிருந்தது. கை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

ஏன் அவ்வளவு வித்தியாசம்? பகலில் துளைகளை மூடிக்கொள்வதால் கள்ளிக்கு வியர்க்காது. மற்றச் செடி தண்ணீரை ஆவியாக விட்டு உடம்பைக் குளிர்த்துக்கொள்ளும், கள்ளியால் அது முடியாது. காற்று வந்து தொட்டு சூட்டை எடுத்துப் போனால்தான் உண்டு. அதனால் 38 டிகிரி மொட்டை மாடியில் காற்று அடிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் கள்ளி, 34 டிகிரி ஹாலில் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைவிடச் சுகமாக இருக்கும். முள்ளும் மேல் பஞ்சும் அழகுக்கு இல்லை, உச்சியிலிருக்கும் குருத்துக்கு அவைதான் குடை. பழகிய கள்ளியின் உடம்பு கொஞ்ச நேரத்துக்கு 55, 60 டிகிரி வரைகூடத் தாங்கும் என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் 'பழகிய' என்பது அங்கே ரொம்ப முக்கியம்.

உங்கள் கோல்டன் பேரல் பழகவில்லை. நர்சரியில் அது பச்சை வலைக்குக் கீழே, பாதி நிழலில் வளர்ந்தது. நீங்கள் தை மாதம் கொண்டுவந்து மேற்கு ஜன்னலில் வைத்தபோது வெயில் சாய்ந்து இதமாக இருந்தது. பங்குனி, சித்திரையில் அதே ஜன்னலில் மூன்று மணி வெயில் நேராகக் கன்னத்தில் அறைகிறது. வெளுத்த இடம் தீப்புண். முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள், கடைசியில் காய்ந்த தோல் மாதிரி பழுப்பாகும். விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வெறும் தழும்பு, உயிருக்கு ஆபத்தில்லை. குழைந்தால் அழுகல். தழும்பு மறையாது. மேலே புது வளர்ச்சி வர வர அது மெல்லக் கீழே இறங்கும், அவ்வளவுதான். அதற்கும் வருடக்கணக்கு ஆகும்.

அந்த ஜன்னலில் செய்ய வேண்டியது இது. கண்ணாடியை ஒரு பக்கமாவது திறந்து வையுங்கள், கொசுவலை இருக்கட்டும். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலரை வரை பழைய வெள்ளை வேட்டித் துணி ஒரு மடிப்பு போதும், கெட்டித் திரை வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டியை மாற்றி மண் தொட்டியில் வையுங்கள். மண் தொட்டி பானை மாதிரி கசிந்து குளிரும், வேர் வேகாது. இன்னும் நல்லது, அதை ஒரு அளவு பெரிய இன்னொரு மண் தொட்டிக்குள் இறக்கி, நடுவே மணல் போடுவது. வெயில் வெளித்தொட்டியைத்தான் சுடும். தொட்டியை நேராகக் கிரானைட் திட்டின் மேல் வைக்காமல் இரண்டு ஓட்டுச் சில்லு, இல்லை மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள். மேற்கு ஜன்னல் திட்டு ராத்திரி எட்டு மணிக்கும் வெதுவெதுவென்று இருக்கும், தொட்டுப் பார்த்தால் தெரியும்.

பால்கனிக்கு மாற்றலாமா என்று கேட்பீர்கள். மாற்றலாம், ஆனால் ஏசியின் வெளி யூனிட் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு. நான் விட்ட பெரிய கோட்டை அதுதான். எட்டு வருடம் வளர்த்த ஒரு ஃபெரோகேக்டஸ், பால்கனி மூலையில் வெயில் நன்றாக வருகிறதே என்று அந்த யூனிட்டுக்கு எதிரே இரண்டடியில் வைத்தேன். பகல் முழுக்க வெயில் காய்ந்தது. ராத்திரி பத்து மணிக்கு நாங்கள் ஏசி போட்டுக்கொண்டு தூங்க, அறையிலிருந்து எடுத்த சூடெல்லாம் விடிய விடிய அதன் மேல் அடித்தது. துளைகளைத் திறந்து மூச்சு வாங்க வேண்டிய நேரத்தில் அடுப்படி அனல். ஒரு மாதத்தில் சுருங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அப்புறம் என்ன, அடியிலிருந்து அழுகல். எங்கள் ஏசியே அதைக் கொன்றது என்று புரிய எனக்கு அடுத்த கோடை வரை ஆனது.

ஏசி அறைக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. ராத்திரி ஏசி போட்ட அறை கள்ளிக்கு நல்லது. 24 டிகிரி, ஈரம் குறைந்த காற்று, லேசான காற்றோட்டம். மே மாதச் சென்னையில் கள்ளிக்கு இதைவிட நல்ல ராத்திரி கிடைக்காது. ஆனால் அதே அறையில் பகலெல்லாம் ஜன்னல் திரை மூடியிருந்தால் வெளிச்சம் இல்லை. குளிர்ந்த ராத்திரியில் புளிப்பைச் சேர்த்து வைக்கும், சமைக்க அடுப்பு எரியாது. உங்கள் மாமிலேரியா நெட்டையாவது ஏசியால் இல்லை, இருட்டால். அறைக்குள் சூடு வளரச் சொல்கிறது, நீங்கள் தண்ணீரும் தருகிறீர்கள், வெளிச்சம் மட்டும் இல்லை. கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தைத் தேடி வெளிறி, முள் இடைவெளி விட்டு, விரல் மாதிரி நீண்டுவிடும். நீண்ட பகுதி திரும்பக் குண்டாகாது.

வெளிச்சம் போதுமா என்று பார்க்க எளிய வழி, மத்தியானம் செடிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கையை விரித்துப் பிடிப்பது. விரல்கள் தனித்தனியாக நிழல் விழுந்தால் போதும். மங்கலாகக் கருமை மட்டும் தெரிந்தால் போதாது.

நான் என்ன செய்கிறேன் என்றால், சித்திரை, வைகாசி இரண்டு மாதம் மட்டும், சின்னத் தொட்டிகளை ஒரு ஸ்டீல் தாம்பாளத்தில் அடுக்கி வைத்துக்கொள்கிறேன். பகலில் தாம்பாளம் கிழக்குப் பால்கனியில், படுக்கப் போகும்போது ஏசி அறைக்குள். வீட்டில் சிரிக்கிறார்கள். "பிள்ளைகளைக் கூட இப்படித் தூக்கிக்கொண்டு அலையவில்லை" என்பது என் மனைவியின் கணக்கு. எல்லோராலும் முடியாது, தேவையும் இல்லை. முடிந்தால் ரெபுட்டியா, லோபிவியா மாதிரி மலைக்கள்ளிகளுக்குச் செய்யுங்கள். கோல்டன் பேரலுக்கு வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: தாம்பாளத்தை ஏசியின் காற்று நேராக இறங்கும் இடத்தில் வைக்க வேண்டாம். அங்கே அறையைவிட நன்றாகவே குளிர்ந்த காற்று விழும். சாயங்காலம் தண்ணீர் ஊற்றிய தொட்டியை அன்றைக்கே அதற்குக் கீழே வைத்தால் மண் நாள் கணக்கில் காயாது. ஏசியே இல்லாத வீட்டில் சீலிங் ஃபேன் குறைந்த வேகத்தில் ஓடினால் போதும், டிகிரி குறையாவிட்டாலும் தேங்கிய புழுக்கம் கலையும்.

நாள் முழுக்க ஏசி? கள்ளிக்காக வேண்டவே வேண்டாம். கரண்ட் பில்தான் முள்ளாகக் குத்தும்.

ஃப்ரிட்ஜ் தலை, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மேல், கேஸ் அடுப்புக்கு எதிர்த்த அலமாரி இந்த மூன்று இடங்களிலும் வைக்காதீர்கள். மூன்றும் ராத்திரியிலும் சூடு விடும் அல்லது சூட்டைப் பிடித்து வைக்கும் இடங்கள்.

நான்காவது செடி கேக்டஸே இல்லை. முக்கோணத் தண்டு, விளிம்பில் சின்ன இலை, ஜோடி ஜோடியாக முள் என்றால் அது யூஃபோர்பியா. நம் வயல் வரப்புச் சதுரக்கள்ளிக்குச் சொந்தக்காரன். ஊசி முனையால் லேசாகக் கீறினால் பால் வரும். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, கையை உடனே கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சில மாமிலேரியாக்களைத் தவிர கேக்டஸில் இப்படிப் பால் கொட்டாது, ஒவ்வொரு முள்கொத்துக்கும் அடியில் பஞ்சு மெத்தை மாதிரி ஒரு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். யூஃபோர்பியாவுக்கு ஏசிக் குளிர்க்காற்று பிடிக்காது, தண்ணீர் ஏறி இறங்கினாலும் இலையைக் கொட்டும். தண்டு கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம். ஏசி அறையை விட்டு வெளியே கொண்டுவாருங்கள், நன்றாகிவிடும்.

இனி தண்ணீர். டிகிரியைப் பற்றிக் கேட்டால் ஏன் தண்ணீருக்கு வருகிறேன் என்றால், வீட்டுக்குள் சூட்டை நம்மால் நாலைந்து டிகிரிக்கு மேல் மாற்ற முடியாது, தண்ணீரை மாற்ற முடியும். 'வாரம் ஒரு முறை' என்பதை மறந்துவிடுங்கள். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை மண்ணில் ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து எடுங்கள். குச்சி கறுத்து ஈரம் தெரிந்தால் ஊற்றக் கூடாது. காய்ந்து வந்தால் இன்னும் மூன்று நாள் கழித்து ஊற்றலாம். கோடையில் பொழுது சாய்ந்து தொட்டி ஆறிய பிறகு ஊற்றுங்கள். மத்தியானம் கொதிக்கும் தொட்டியில் ஊற்றினால் வேருக்குக் கஞ்சி வடித்த மாதிரி ஆகும். மாடித் தொட்டியின் பைப்பில் முதலில் வருவது வெந்நீர், அதை வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள். கலவைக்கு, சலித்துக் கழுவிய ஆற்று மணலோ எம்-சாண்டோ இரண்டு பங்கு, மிளகு அளவு உடைந்த செங்கல் துகள் ஒரு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு. தூள் மட்டும் இருக்கக் கூடாது. கையில் ஈரமாகப் பிடித்து விட்டால் உருண்டை நிற்காமல் உதிர வேண்டும்.

வருடத்தைப் பார்த்தால், நம் கடலோரத்தில் கள்ளி உண்மையிலேயே வளரும் காலம் மார்கழி நடுவிலிருந்து பங்குனி நடு வரை. ராத்திரி 21, 22 டிகிரி, பகல் 30, நல்ல வெயில். சித்திரையிலிருந்து ஆனி வரை அது சும்மா இருக்கும். கத்திரி வெயிலில் செடி கொஞ்சம் சுருங்கினால் பதறாதீர்கள், அந்தச் சுருக்கம் ஓய்வு. நிறையப் பேர் அப்போதுதான் குடம் குடமாக ஊற்றிக் கொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சூடு குறைந்திருக்கும், ஆனால் வெயிலும் இருக்காது, காற்று நனைந்த துணி மாதிரி இருக்கும். வீட்டுக்குள் இருப்பவற்றுக்கு ஒரு மாதம்கூட நான் தண்ணீர் காட்டுவதில்லை. பூ வேண்டுமென்றால் மார்கழியில் நாலு வாரம் காயப்போட்டு, தை பிறந்து வெயில் ஏறியதும் ஒரு முறை நன்றாக ஊற்றிப் பாருங்கள். ஜிம்னோகேலிசியமும் சில மாமிலேரியாக்களும் இந்த அளவுக் குளிருக்கே மாசியில் மொட்டு விடும். ரெபுட்டியா விடாது. அதற்கு 10 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட குளிர் வேண்டும், சென்னையில் ஃப்ரிட்ஜுக்குள்தான் அது கிடைக்கும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டை முழுக்க அடைத்துவிட்டுப் போவீர்கள். அந்தப் பத்து நாள்தான் வருடத்திலேயே உள்ளே அதிகச் சூடு. பாசத்தில் போகும் முன் ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். காய்ந்த மண்ணோடு, வடக்கு அல்லது கிழக்கு ஜன்னலோரம், மேல் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். மூன்று வாரம் அசையாமல் இருக்கும்.

ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குப் பாடம் தலைகீழ். அங்கே ஜனவரியில் உறைபனி விழும். ராத்திரி 8 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டால் பெரும்பாலானவை தாங்கும், சித்திரையில் பூத்தும் தள்ளும். மூன் கேக்டஸை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். டொரொண்டோ, லண்டன் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஜன்னல் திரை: ராத்திரி திரையை இழுத்துவிட்டால் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே மாட்டிய செடி, ஹீட்டர் ஓடும் அறையிலும் உறையக்கூடிய குளிரில் நிற்கும். திரைக்கு இந்தப் பக்கம் நகர்த்துங்கள், ஹீட்டருக்கு மேலேயும் வேண்டாம்.

மூன் கேக்டஸ் போன இடத்துக்கு இன்னொன்று வாங்குவதாக இருந்தால் மெலோகேக்டஸ் கேட்டுப் பாருங்கள். கரீபியன் தீவுகள், பிரேசில் கடற்கரை என்று சூடும் உப்புக்காற்றும் உள்ள இடங்களில் வளர்வது, நம் ராத்திரி அதற்குப் பழக்கம். 15 டிகிரிக்குக் கீழேதான் அதற்கு ஆகாது, சென்னையில் அந்தக் கவலை அநேகமாக இல்லை. வயது வந்ததும் உச்சியில் சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொள்ளும். கட்டிய பிறகு உடம்பு வளராது, தலைப்பாகை மட்டும் உயரும், அதில் குட்டி ரோஜா நிறப் பூக்கள் வரும்.

பழைய மூன் கேக்டஸை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால், சிவப்புத் தலையை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் காப்பாற்றலாம். புது பிளேடைத் தீயில் காட்டி, தலையின் அடியில் மெல்லிய சீவலாக வெட்டுங்கள். நடுவில் வட்டமாகத் தெரியும் வளையத்தில் பழுப்போ ஆரஞ்சோ இருந்தால் இன்னொரு சீவல், சுத்தமாகும் வரை. மாடித்தோட்டக்காரர் யாரிடமாவது டிராகன் ஃப்ரூட் தண்டு ஒரு சாண் வாங்குங்கள். அதைத் தனியாக நிழலில் ஒரு வாரம் காயவைத்து நட்டு, வேர்விட்டு அசையாமல் நின்ற பிறகு ஒட்டவேண்டும் என்பதுதான் முறை. அதுவரை தலை தாங்காது என்பதால், ஏற்கெனவே வேர்விட்ட தண்டாகக் கேட்டு வாங்குங்கள். அதன் நுனியை நேராக வெட்டி, இரண்டு வளையமும் ஒரு இடத்திலாவது தொடும்படி தலையை உட்காரவைத்து, ரப்பர் பேண்டைத் தொட்டியின் அடியோடு சேர்த்து மாட்டுங்கள். பத்து நாள் நிழல், தலையில் தண்ணீர் படக் கூடாது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் சென்னையின் 28 டிகிரி ராத்திரி தோதானது, காயம் சீக்கிரம் கூடும்.

கோல்டன் பேரலை வெளுத்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைக்கத் தோன்றும். திருப்பாதீர்கள். அந்தப் பக்கம் இனி கருக ஒன்றும் இல்லை, மறுபக்கத்துப் பச்சைத்தோல் இன்னும் மேற்கு வெயிலைப் பார்த்ததே இல்லை. ஆடி பிறந்து வெயில் தணிந்த பிறகு, வாரத்துக்கு ஒரு விரல் அகலம் மட்டும் நகர்த்திக்கொண்டு வாருங்கள்.